மலையக நீர்த்தேக்கத்தில் வள்ளத்தைக் களவு கொடுக்காமல் வைத்திருப்பது

கடலில் களவு போன வள்ளத்துக்கு எத்தனையோ வழி. இலங்கை மலையகத்தின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் அப்படி இல்லை. ஒரு முனையில் அணைக்கட்டு, மற்றச் சுற்றெல்லாம் தேயிலை மலை. இங்கே எடுபட்ட வள்ளம் அதே தண்ணீரின் ஏதோ ஒரு மூலையில் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் லொறியிலோ டிராக்டர் பெட்டியிலோ ரோட்டுக்கு ஏறியிருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பூட்டு வாங்குவதும் சீமெந்து போடுவதும் பிறகு. முதலில் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கரையை ஒருமுறை பாருங்கள். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் கரை நீளம், தேட நேரம் பிடிக்கும். கணக்கு அங்கேயும் இதேதான்.

எடுப்பவர்களிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்கு வள்ளம் ஒரு இரவுக்கு மட்டும் வேண்டும்: அக்கரைக்குப் போக, அல்லது மற்றவர் போட்ட வலையைத் தூக்க. வேலை முடிந்ததும் வள்ளத்தை எங்கேயாவது தள்ளிவிட்டுப் போவார்கள். இவர்களைத் தடுப்பது சுலபம். துடுப்பு இல்லாத, நல்ல பூட்டுப் போட்ட வள்ளத்தை விட்டுப் பக்கத்து வள்ளத்துக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் ஒரு துறையில் உள்ள எல்லாரும் சேர்ந்து பூட்ட வேண்டும் என்கிறோம். இரண்டாவது வகைக்கு எஞ்சின் வேண்டும், வலை வேண்டும், சிலவேளை வள்ளமே வேண்டும். வெட்டும் கருவிகளோடு வருவார்கள், வாகனத்தோடு வருவார்கள். அவர்களுக்கு வேலையை நீளமாக்குவதுதான் நம்மால் ஆவது. எடுக்க அரை மணி நேரம் பிடிக்கும், சத்தமும் வரும் என்றால் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள்.

எங்கே வைப்பது

வாகனம் இறங்கக்கூடிய துறை வசதியானது. களவுக்கும் அதுவே வசதி. வள்ளத்தை இரவில் வைக்கும் இடம், வாகனம் வந்து நிற்கக்கூடிய கடைசி இடத்திலிருந்து 50 மீற்றராவது தள்ளி, மேடு பள்ளம் உள்ள பக்கமாக இருக்கட்டும். தண்ணீரில் இருந்து இழுப்பதற்கு உங்களுக்கு நேர்வழி இருக்க வேண்டும். ரோட்டுக்குத் தூக்கிப்போக நேர்வழி இருக்கக் கூடாது. ரோட்டுப் பக்கம் ஒரு கேட்டோ, இரண்டு கொன்கிறீட் தூணுக்கிடையில் ஒரு சங்கிலியோ போட முடிந்தால், வள்ளத்துக்குப் போடும் பூட்டைவிட அது கூடப் பலன் தரும். அது தோட்டத்து ரோடாக இருந்தால் துரையிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அம்புலன்ஸும் கொழுந்து லொறியும் போகிற வழியை மறிக்கவே கூடாது.

லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) கண்ணுக்குத் தெரிகிற இடம் நல்லது. ஆனால் கண்ணையும் காதையும் மட்டும் நம்பாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் தகரக் கூரையில் மழை கொட்டும்போது கரையில் இரும்பு வெட்டும் கிரைண்டர் ஓடினாலும் லயத்துக்குக் கேட்காது. பனிமூட்டம் இறங்கினால் பத்து அடி தள்ளி நிற்கும் ஆள் தெரிய மாட்டார். கோவில் தேர் அன்றும் தீபாவளி இரவிலும் கரை வெறிச்சோடிக் கிடக்கும். இந்த மூன்று நேரத்துக்கும் யார் காவல் என்பதைத் துறையில் உள்ளவர்கள் முன்கூட்டியே பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளி லைட்டும் மழை மாதங்களில் சரியாகச் சார்ஜ் ஆகாது. அது ஒரு உதவி, அவ்வளவுதான்.

தண்ணீர் ஏறும், இறங்கும்

மலையகத்தில் வள்ளத்தைக் கரையில் கட்டி வைக்கிறவர்கள் கூடத் தவறுவது இதில்தான். இவை மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். மழைக்கு ஏறும், மின்சாரம் எடுக்க எடுக்க இறங்கும். மவுசாகலை நன்றாக வற்றும் காலத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவில் வெளியே வரும் என்றால், தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கரை ஐந்து அடிக்கு ஒரு அடி சரிவு என்று வையுங்கள். தண்ணீர் 3 மீற்றர் இறங்கினால் விளிம்பு 15 மீற்றர் தள்ளிப் போய்விடும். மேலே ஒரே ஒரு பிடிமானம் (சங்கிலியைப் பூட்ட நிலத்தில் பதித்த வளையம்) வைத்திருப்பவர் அந்த 15 மீற்றரும் வள்ளத்தை இழுக்க அலுத்துக்கொண்டு, கீழேயே ஒரு கயிற்றில் கட்டி விட்டுப் போவார். பூட்டு மேலே தொங்கும், வள்ளம் கீழே கயிற்றில் கிடக்கும். களவு நடப்பது அந்த வாரத்தில்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிடப் பெரியது. தண்ணீர் குறைந்த நாளில் கீழே ஒரு பிடிமானத்தில் குட்டையான சங்கிலி போட்டுப் பூட்டி விட்டுப் போனால், அன்றிரவு மழையில் தண்ணீர் ஏறும்போது வள்ளம் மிதந்து எழ முடியாது. முன்மூக்கைச் சங்கிலி கீழே பிடித்திழுக்க, தண்ணீர் உள்ளே ஏறி வள்ளம் மூழ்கும். அந்தப் பூட்டைத் திறக்க யாரும் முங்கிப் போகக் கூடாது. தண்ணீர் இறங்கும் வரை பொறுக்க வேண்டியதுதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நீர்த்தேக்கம் நிறைந்தால் தண்ணீர் நிற்கும் மட்டம் எது என்று பாருங்கள். மானாப்புல்லும் செடியும் தொடங்கும் கோட்டுக்குக் கீழே மண் வெறுமையாகத் தெரியும்; அந்தக் கோடுதான் அது. முதற் பிடிமானம் அந்தக் கோட்டுக்கு மேலே. மழைக் காலத்திலும், இரண்டு நாளைக்கு மேல் வள்ளத்தைப் பார்க்க வராத எந்தக் காலத்திலும் வள்ளம் அங்கேதான் இருக்க வேண்டும். வறண்ட மாதங்களுக்கு, சரிவில் 10 மீற்றருக்கு ஒன்றாகக் கீழே இன்னும் ஒன்றோ இரண்டோ பிடிமானம் போடலாம். கீழ்ப் பிடிமானத்தில் பூட்டினால் ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

வள்ளத்தை மேலே இழுக்க 4 அங்குல பீவீசி குழாய்த் துண்டுகள் நான்கு போதும். அடியில் வைத்து உருட்டலாம். மேலே கொண்டுபோனதும் கவிழ்த்து வையுங்கள். மழைத்தண்ணீர் தேங்காது, நுளம்பு முட்டையிடாது, பூட்டுப் போடும் வளையமும் வள்ளத்துக்கு அடியில் மறைந்துவிடும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் அடியில் உள்ள தண்ணீர் அடைப்பைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மழைத்தண்ணீர் வடியும், அவசரத்தில் ஒருவன் தண்ணீரில் தள்ளினால் உடனே வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கும். மிதக்கும் வள்ளத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

நிலத்தில் பிடிமானம்

நீர்த்தேக்கக் கரை உங்கள் காணி இல்லை. காசல்ரீ, மவுசாகலையில் மின்சார சபையையும், கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலவில் மகாவலி அதிகாரசபையையும் கேட்காமல் கொன்கிறீட் போட்டால், ஒரு நாள் அதை உடைக்கச் சொல்வார்கள். மீனவர் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, துறைக்கு மொத்தமாக அனுமதி எடுப்பது நல்லது.

குழியை இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழமாக வெட்டுங்கள். அடிப்பக்கம் வாயைவிட ஒரு சாண் அகலமாக இருக்கட்டும். அப்போதுதான் கடப்பாறை போட்டு நெம்பினாலும் கட்டி மேலே வராது. இந்த அளவுக்குக் கொன்கிறீட் சுமார் 500 கிலோ வரும். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலக் கல். ஒன்றரை மூட்டை சீமெந்து பிடிக்கும். அடியை அகலமாக வெட்டியிருப்பதால் இரண்டு மூட்டை கையில் இருக்கட்டும். ஒரு மூட்டைக்கு 25 முதல் 28 லீற்றர் தண்ணீர். தண்ணீரைக் கூட்டிக் குழம்பாக்கினால் வேலை சுலபம், ஆனால் காய்ந்தபின் கொன்கிறீட் பொடியும்.

வளையத்துக்கு 16 மி.மீ. கம்பி 1.3 மீற்றர் வெட்டி, தலைகீழ் ‘ப’ போல வளைத்து, இரண்டு நுனியையும் 10 சென்ரிமீற்றர் வெளிப்பக்கம் மடியுங்கள். மடித்த நுனிகளில் குறுக்காக இரண்டு துண்டுக் கம்பி கட்டுங்கள். வளைவு கொன்கிறீட்டுக்கு மேலே 6 அல்லது 7 சென்ரிமீற்றர் மட்டும் தெரியட்டும். கூட விட்டால் கடப்பாறை நுழைய இடம் கிடைக்கும், கிரைண்டர் வைக்கவும் வசதியாகிவிடும். சங்கிலி நுழையுமா என்று கொன்கிறீட் ஊற்றும் முன்பே போட்டுப் பாருங்கள். ஊற்றிய பிறகு நுழையவில்லை என்று நிற்பவர்கள் நிறையப் பேர். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைத்து வைத்த பிறகே பூட்டலாம். கம்பிக்கு நாகமுலாம் பூசக் கொடுத்தால் நல்லது. முடியாவிட்டால் கொன்கிறீட்டும் கம்பியும் சேரும் இடத்தில் துருத்தடுப்புப் பெயின்ற் இரண்டு கோட் அடியுங்கள். முதலில் அரித்துப்போவது அந்த இடம்.

கரையில் பெரும்பாறை இருந்தால் இன்னும் நல்லது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பாறை முழுசு. மொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு, அங்கே வேண்டாம். 25 மி.மீ. துளையை 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, தலையில் கண் ஒட்டிய 20 மி.மீ. கம்பியை எபொக்சியால் பதிக்க வேண்டும். துளைக்குள் தூசி இருந்தால் எபொக்சி பாறையைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். பிறகு கையால் இழுத்தாலே வரும். சைக்கிள் பம்பால் ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, துளை நன்றாகக் காய்ந்த பிறகு பதியுங்கள். திருகி ஏற்றும் கண் போல்ட் வேண்டாம். திருகி ஏறுவது திருகினால் கழலும்.

மரத்தில் கட்டுவது கடைசி வழி. ஒரு அடி விட்டத்துக்குக் குறைந்த மரத்தை வாளால் அறுத்துவிடுவார்கள். டர்பன்டைன் மரமோ சவுக்கோ பெரிதாக இருந்தால், பழைய டயர் டியூப்பைச் சுற்றி அதன்மேல் சங்கிலியைப் போடுங்கள். பட்டை அறுந்தால் மரம் பட்டுப்போகும். தோட்டத்து மரம் எப்போது வெட்டுக்குப் போகிறது என்பதையும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளத்தில் பிடிமானம்

முன்மூக்கில் கம்பனி வைத்த வளையம் இழுப்பதற்கானது. பலவற்றில் அது இரண்டு சிறு திருகாணியில்தான் நிற்கும். குறுக்குப் பலகையைச் சுற்றிச் சங்கிலி போடுவதும் போதாது, பலகையை ஒரு நிமிடத்தில் அறுக்கலாம். பக்கமிதவை வைத்த வள்ளத்தில் மிதவையின் கட்டைக்குப் பூட்டவே வேண்டாம். கட்டுக்கயிற்றை அறுத்தால் மிதவை மட்டும் பூட்டோடு மிஞ்சும்.

துருப்பிடிக்காத எஃகில் 10 மி.மீ. ‘ப’ வடிவப் போல்ட் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே, முன்பக்கம் ஃபைபர் தடித்த இடத்தில் துளை போடுங்கள். உள்பக்கம் 10 சென்ரிமீற்றர் சதுரமும் 6 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகுத் தகடு வைத்து நட்டை இறுக்குங்கள். தகடு இல்லாமல் வெறும் வொஷரில் இறுக்கினால், கடப்பாறையால் நெம்பும்போது போல்ட் ஃபைபரைக் கிழித்துக்கொண்டு வரும். களவும் போகும், வள்ளத்தில் ஓட்டையும் விழும். துளைக்குள் சீலன்ட் நிறைய விட்டுப் பூட்டுங்கள். பிறகு நட்டுக்கு வெளியே நீட்டும் போல்ட் நுனியைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கி, மேலே எபொக்சி பூசி மூடிவிட்டால் ஸ்பானர் வேலை செய்யாது.

சங்கிலியும் பூட்டும்

கடையில் முறித்துக் கொடுக்கும் 6, 8 மி.மீ. சாதாரண நாகமுலாம் சங்கிலி மாட்டுக்குச் சரி. இரண்டு அடிக் கட்டர் 6 மி.மீ. சங்கிலியை ஒரே நெரியில் வெட்டும், 8 மி.மீ. சங்கிலிக்குக் கொஞ்சம் கூட முக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பி வடம் தடிப்பாகத் தெரிந்து ஏமாற்றும். அதை இழை இழையாக வெட்டிவிடுவார்கள். வேண்டியது பதம் ஏற்றிய எஃகுச் சங்கிலி, 10 மி.மீ. ஆவது, முடிந்தால் 12. வாங்கும்போது ஒரு அரம் கொண்டுபோங்கள். கண்ணியில் உராய்ந்தால் அரம் வழுக்க வேண்டும். கடித்துப் பிடித்துப் பளபளவென்று கோடு விழுந்தால் அது பதம் ஏற்றாத இரும்பு, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

இரண்டரை மீற்றர் போதும். 10 மி.மீ. சங்கிலியே மீற்றருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வரும். பதம் ஏற்றிய சங்கிலியை வெல்டிங் கடையில் கொடுத்து வளையம் ஒட்டாதீர்கள். சூட்டில் பதம் இறங்கி அந்த ஒரு கண்ணி மட்டும் பச்சை இரும்பாகிவிடும். இரண்டு நுனியையும் ஒரே பூட்டில் சேர்த்துவிடுங்கள். பூட்டியதும் சங்கிலி தரையில் கிடக்கவிடாமல் இறுக்கமாகச் சுற்றுங்கள். தரையில் கிடக்கும் கண்ணிக்குக் கட்டரின் ஒரு கையை நிலத்தில் ஊன்றி மறு கையில் ஆள் ஏறி நிற்கலாம். தொங்கும் கண்ணிக்கு அந்தப் பலம் கிடைக்காது.

பூட்டின் கொக்கி 10 மி.மீ. க்குக் குறையாமலும், தோள்பட்டை உயர்ந்து கொக்கியை மறைப்பதாகவும் இருக்க வேண்டும். கொக்கி தெரியாவிட்டால் கட்டருக்கு வாய் கிடைக்காது. சாவித்துவாரம் கீழே பார்க்கத் தொங்கவிட்டு, டயர் டியூப் துண்டால் ஒரு மூடி வைத்துக் கட்டுங்கள். மலையக ஈரத்தில் பூட்டு வெளியே துருப்பிடிக்கும் முன்பே உள்ளே இறுகிவிடும். மாதம் ஒருமுறை மெல்லிய எண்ணெய் விட்டுச் சாவியைப் பத்துத் தடவை திருப்புங்கள். கிறீஸ் உள்ளே போடாதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுகிய பூட்டைத் திறக்கச் சோம்பல்பட்டுச் ‘சும்மா மாட்டி’ விட்டுப் போகும் பழக்கம் எண்ணெய் விடாததில்தான் தொடங்குகிறது. சாவியைக் கல்லுக்கடியில் ஒளிக்க வேண்டாம். ஒன்று இடுப்பில், ஒன்று வீட்டில்.

எஞ்சின், வலை, துடுப்பு

பாரம் குறைந்ததும் விலை கூடியதும் முதலில் போகும். வலையும் துடுப்பும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போக வேண்டும், இதில் விதிவிலக்கே வேண்டாம். சிறு எஞ்சின் 20 கிலோவுக்குள் இருந்தால் அதையும் தூக்கிப் போங்கள். நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்க வைப்பதென்றால் உள்ளே உள்ள தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு, கம்பனி சொன்ன பக்கமாக மட்டும். பெற்றோல் தாங்கியை லயத்து அறைக்குள், அடுப்பிருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. களவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திக்கொள்ள வேண்டாம். காற்றோடும் தனிக் கொட்டிலில் பூட்டி வையுங்கள்.

தூக்க முடியாத எஞ்சினுக்கு, இறுக்கும் இரண்டு கைப்பிடியையும் சேர்த்து மூடும் குழாய்ப்பூட்டு விற்கிறது. அதோடு, வள்ளத்தின் பின்பலகையை ஊடுருவும் போல்ட் இரண்டும் வேண்டும். குழாய்ப்பூட்டு மட்டும் இருந்தால் பின்பலகையையே அறுத்து எடுத்துப் போவார்கள். ஆபத்துநேரம் எஞ்சினை நிறுத்தும் கிளிப்புக் கயிற்றையும் எண்ணெய்க் குழாயையும் கழற்றிக் கொண்டுபோங்கள்.

அடையாளம்

மீன்பிடி வள்ளத்தைப் பதிவு செய்வது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டப்படி கட்டாயம். நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) அதிகாரியிடம் கேட்டு இலக்கத்தை எடுத்து, இரண்டு பக்கமும் பெரிதாக எழுதுங்கள். ஆனால் பெயின்றைச் சுரண்டிவிடலாம். அதனால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடத்திலும் இலக்கம் வேண்டும்: குறுக்குப் பலகைக்கு அடியில், பின்பலகையின் உள்மூலையில். மெல்லிய தாளில் பென்சிலால் இலக்கத்தை எழுதி, உரசிச் சுத்தம் செய்த ஃபைபரில் வைத்து, மேலே ஃபைபர் துணித் துண்டும் ரெசினும் பூசினால் தாள் ஃபைபரோடு ஒன்றாகிவிடும். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 மி.லீ. ஹார்டனர். நுவரெலியா, மஸ்கெலியாக் குளிரில் காலையில் செய்தால் இறுகாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும். வெயிலுள்ள மதியத்தில் செய்யுங்கள்; இறுகவில்லை என்று ஹார்டனரை அள்ளி ஊற்ற வேண்டாம். ரெசினை விரைவாக இறுக வைக்கும் கோபால்ட் தனியாக வாங்கியிருந்தால் அதை ஹார்டனரோடு நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகே ஹார்டனர்.

போனில் படம் எடுங்கள்: இரண்டு பக்கம், உள்பக்கம், பழைய ஒட்டு, கீறல், எஞ்சின் இலக்கம், வாங்கிய பில். அதை அண்ணனுக்கோ மச்சானுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போனும் வள்ளத்தோடு போய்விட்டால் அவர்களிடம் இருக்கும். சிம் போட்ட டிராக்கர் வைப்பதென்றால், வாங்குமுன் அதே சிம்மைப் போனில் போட்டுக் கரையோரம் சுற்றி வாருங்கள். மலை மறைக்கும் மூலைகளில் சிக்னல் இருக்காது.

களவு போனால்

முதல் ஒரு மணி நேரம் ரோட்டுக்கு. வள்ளம் கிடந்த இடத்தில் இழுத்த தடம் தண்ணீருக்குப் போகிறதா ரோட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள், அதை மிதிக்காதீர்கள். ரோட்டுக்குப் போயிருந்தால் உடனே பொலிஸுக்கு 119, அடுத்தது வழியில் உள்ள தோட்டங்களின் காவலாளிகள், பிறகு சந்திக் கடைகள். மலை ரோட்டில் வள்ளம் ஏற்றிய லொறி யார் கண்ணிலும் படாமல் போவது கடினம். கேட்டால் பார்த்தவர் இருப்பார்.

தடம் தண்ணீருக்குப் போயிருந்தால் விடியும் வரை பொறுங்கள். இரவில் தனியாக வள்ளம் எடுத்துத் தேடப் போவது உயிருக்கு ஆபத்து. விடிந்ததும் இரண்டு வள்ளம், மிதவைச் சட்டை, இரண்டிரண்டு பேர். இரவு காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தக் கரை முதலில், தள்ளிவிட்ட வள்ளம் அங்கேதான் ஒதுங்கும். அடுத்து ஓடைகள் வந்து விழும் ஒடுங்கிய மூலைகள். மூழ்கடித்து வைத்திருந்தால் தண்ணீருக்கடியில் வெள்ளையாகத் தெரியும். அணைக்கட்டுக்கும் தண்ணீர் உள்ளெடுக்கும் வாய்க்கும் கிட்டப் போக வேண்டாம். அந்தப் பக்கம் தேட மின்சார சபை ஆட்களிடம் சொல்லுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது பதிவு இலக்கம், எஞ்சின் இலக்கம், படங்கள், வெட்டிய சங்கிலிக் கண்ணி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. வேறு மொழியில் எழுதினால் முழுக்க வாசித்து விளக்கச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி, கிராம சேவகருக்கும் நக்டா அதிகாரிக்கும் மீனவர் சங்கத்துக்கும் கொடுங்கள்.

வள்ளம் கிடைத்துவிட்டால் ஏறிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். தண்ணீர் அடைப்பு இருக்கிறதா, அடி கிழிந்திருக்கிறதா, மிதவைக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, மற்ற வள்ளத்தில் கட்டி ஆளில்லாமல் இழுத்து வாருங்கள். கரைக்கு வந்த அன்றே பூட்டை மாற்றி, முறைப்பாட்டில் வள்ளம் கிடைத்ததாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வள்ளமே களவு வள்ளமென்று ஏட்டில் நிற்கும்.